நல்லவாட்டு ஸ்பீக்கர்: புதுச்சேரி கிராம அறிவு மையங்கள் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

கிராமத்துக்கு டிஜிட்டல் வசதி போகணும்னு பேச ஆரம்பிச்சாலே எத்தனை கிலோமீட்டர் ஃபைபர் போட்டாச்சு, எத்தனை பஞ்சாயத்துக்கு லைன் குடுத்தாச்சு, எத்தனை பேர் கையில ஸ்மார்ட்போன் இருக்குன்னு தான் கணக்கு வருது. அந்த கணக்கும் வேணும் தான். ஆனா லைன் வந்த ஊர்ல, எழுத படிக்க தெரியாத ஒரு பாட்டிக்கோ விடிகாலை 3 மணிக்கு கடலுக்கு போற மீனவருக்கோ அந்த லைன்ல வர்ற தகவல் எப்படி போய் சேருதுன்னு பாக்கணும்னா நமக்கு பக்கத்துலயே ஒரு பழைய கேஸ் இருக்கு. புதுச்சேரி கிராமங்கள்ல 1998ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்ச தகவல் கிராம திட்டம் தான் அது. செல்போன் பணக்காரங்க பையில மட்டும் இருந்த காலம், டயல்-அப் மோடம் கீ கீனு கத்துன காலம். அந்த டெக்னாலஜி இன்னைக்கு எதுக்கும் உதவாது, ஆனா அதை சுத்தி அவங்க செஞ்ச ஏற்பாட்டுல இருந்து இன்னைக்கும் எடுத்துக்க வேண்டியது நிறைய இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன், அதனால தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முன்னாடியே சொல்லிடுறேன், இந்த கேஸ்ல எனக்கு முக்கியமா படுறது ஒண்ணு தான். கம்ப்யூட்டருக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு ஆள் இருந்தாங்க, அந்த ஆள் ஊருக்கு பதில் சொல்ல வேண்டிய இடத்துல இருந்தாங்க. பின்னாடி வந்த திட்டங்கள்ல மெஷின் பெருசாச்சு, வேகம் கூடுச்சு, அந்த ஆள் மட்டும் கணக்குல இருந்து காணாம போயிட்டாங்க.

எப்படி ஆரம்பிச்சாங்க

விதை 1992லயே விழுந்துடுச்சு. அந்த வருஷம் சென்னையில தகவல் தொழில்நுட்பத்தை ஏழைங்களுக்கு எப்படி கொண்டு போறதுன்னு சுவாமிநாதன் ஒரு கலந்துரையாடல் நடத்துனாரு. இந்தியாவுல இன்டர்நெட் பொதுமக்களுக்கு வந்ததே 1995 ஆகஸ்ட் 15ல தான், அதுக்கு 3 வருஷம் முன்னாடியே இந்த பேச்சு நடந்திருக்குறது எனக்கு இப்பவும் ஆச்சரியம். அப்புறம் 1998ல கனடாவோட சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் நிதி குடுக்க புதுச்சேரியில வேலை ஆரம்பிச்சுது. வி. பாலாஜி, சுப்பையா அருணாசலம் மாதிரி ஆளுங்க முன்ன நின்னு செஞ்சாங்க.

வில்லியனூர்ல ஒரு தலைமை மையம், அதை சுத்தி கிராமங்கள்ல கிளை மையங்கள், இதுங்களை தான் கிராம அறிவு மையம்னு சொல்றாங்க. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், அப்புறம் நல்லவாடுன்னு போச்சு. (கீழூர்னா தெரியும்ல, பிரெஞ்சு பகுதிகளை இந்தியாவோட சேக்குறதுக்கு 1954 அக்டோபர் 18ல வாக்கெடுப்பு நடந்து மக்கள் பிரதிநிதிங்க 178 பேர்ல 170 பேர் சேரணும்னு ஓட்டு போட்ட அதே ஊர்.) வில்லியனூர்ல தான் டயல்-அப் இன்டர்நெட். மத்த ஊர்ல டெலிபோன் லைனை நம்ப முடியாது, அதனால வி.எச்.எஃப் ரேடியோ வச்சு பேச்சும் டேட்டாவும் ஒரே வழியில அனுப்புனாங்க, போலீஸ் ஜீப்ல இருக்குற வயர்லெஸ் மாதிரி தான். கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு தெரியாததால சோலார் பேனலும் பேட்டரியும் வச்சாங்க. வேகம் ரொம்ப ரொம்ப கம்மி, ஆனா அனுப்ப வேண்டியது நாலு வரி தமிழ் எழுத்து தானே, அதுக்கு அது போதுமா இருந்துச்சு.

மெஷினை இறக்குறதுக்கு முன்னாடி அவங்க செஞ்ச வேலை தான் எனக்கு பிடிச்சது. ஊர் ஊரா போய், உங்களுக்கு இப்ப தகவல் எங்க இருந்து வருதுன்னு கேட்டாங்க. பக்கத்து நிலத்துக்காரர், உரக்கடைக்காரர், நெல் வியாபாரி, சந்தைன்னு பதில் வந்துச்சு. இதை கொஞ்சம் யோசிச்சு பாருங்க. உரம் விக்கிறவர் தான் எந்த உரம் போடணும்னு சொல்றாரு, நெல் வாங்குறவர் தான் நெல் விலை என்னன்னு சொல்றாரு. விவசாயி ஏமாறுறதுக்கு அவர் படிக்காதது மட்டும் காரணம் இல்ல, தகவல் குடுக்குறவருக்கே அந்த தகவல்ல லாபம் இருந்துச்சு. இதை கண்டுபிடிச்ச பிறகு மையத்துல என்ன வைக்கணும்ங்கிறது தானா தெளிவாயிடுச்சு. உரம் விதை விலை, நெல் விலை, எந்த ஆஸ்பத்திரியில எந்த டாக்டர் எந்த நாள் இருப்பாரு, மாட்டு டாக்டர் யார் யார், பஸ் நேரம், பரிட்சை ரிசல்ட், வேலை வாய்ப்பு, அரசாங்கத்துல இருக்குற 100க்கும் மேற்பட்ட நலத்திட்டத்துக்கு யாருக்கு தகுதி எப்படி மனு போடணும், இதெல்லாம். வறுமைக்கோட்டுக்கு கீழ உள்ள குடும்பங்களோட பட்டியலும் மையத்துல பாக்க கிடைச்சுது, அது வரைக்கும் அது ஆபீஸ்ல பூட்டி வச்ச காயிதம்.

இதுல பெரும்பாலானது இன்டர்நெட்ல கிடைக்காது. வில்லியனூர் மைய ஆளுங்க ஆபீஸ் ஆபீஸா சந்தை சந்தையா அலைஞ்சு கேட்டு வாங்கி, டைப் பண்ணி, தினமும் அனுப்புனாங்க. அந்த திட்டத்துல நடந்த வேலையில பாதிக்கு மேல இந்த அலைச்சல் தான்னு சொன்னா தப்பில்ல. பின்னாடி 'நம்ம ஊரு செய்தி'ன்னு சின்னதா ஒரு பத்திரிகையும் போட்டாங்க, மையத்துக்கு வராதவங்க கைக்கும் தகவல் போச்சு.

எம்பலத்துல ஒரு சம்பவம் அந்த காலத்துலயே பதிவாச்சு. ஒரு வீட்டு பசுமாடு கன்னு போட முடியாம நாள் கணக்கா கஷ்டப்படுது, வழக்கமா வர்ற மாட்டு டாக்டர் கிடைக்கல, மையத்துல இருந்த பட்டியலை எடுத்து வேற ஒரு டாக்டரை பிடிச்சு வரவச்சாங்க, மாடும் பொழைச்சுது கன்னும் பொழைச்சுது. ஒரு மாடு போனா ஒரு ஏழை குடும்பத்துக்கு எத்தனை மாச வருமானம் போகும்னு கிராமத்துல இருக்குறவங்களுக்கு தெரியும். அந்த பட்டியல்ல ஹைடெக்கா எதுவும் இல்ல, பத்து பேரும் போன் நம்பரும், அதை உடனே தேடி எடுக்க ஒரு பொண்ணும் அங்க இருந்துச்சு.

கதவு யாருக்கு திறக்கும்

திட்டத்தோட ஒப்பந்தம் இப்படி: கம்ப்யூட்டர், ரேடியோ, சோலார் எல்லாம் நிறுவனம் குடுக்கும், இடமும் கரண்டும் ஆளும் ஊர் குடுக்கணும், எந்த சாதிக்காரங்க வந்தாலும் உள்ள விடணும். இந்த மூணாவது நிபந்தனை தான் கஷ்டமானது. ஏன்னா புதுச்சேரியில ஊர்னு சொன்னா யார்?

இதை வெளி ஆளுங்க பல பேர் கவனிக்க மாட்டாங்க. புதுச்சேரியில 1968ல உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு, அதுக்கு அப்புறம் 2006 வரைக்கும் நடக்கவே இல்ல. அதாவது 1998ல மையம் வைக்க போனப்ப எந்த கிராமத்துலயும் மக்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தே கிடையாது. அப்ப ஊர் சார்பா கையெழுத்து போட்டது கோயில் தர்மகர்த்தாக்கள், மீனவ கிராமத்துல ஊர் பஞ்சாயத்தார், இல்லேன்னா பெரிய மனுஷங்க. இவங்க எல்லாம் ஆம்பளைங்க, ஊரோட பெரிய சாதிக்காரங்க. காலனியில இருக்குற தலித் மக்கள் குரல் அந்த கூட்டத்துலயே இருந்திருக்காது.

அதனால இடம் எங்கன்றது பெரிய விஷயமாச்சு. ஆரம்பத்துல சில மையங்கள் தனியார் வீட்டுல இருந்துச்சு. ஒருத்தர் வீட்டுக்குள்ள போகணும்னா அந்த வீட்டுக்காரர் மனசு வச்சா தான் போக முடியும், காலனி ஆளுங்க வாசல் வரைக்கும் வந்து தயங்கி நிப்பாங்க, போக போக அந்த மையம் வீட்டுக்காரர் சொத்து மாதிரியே ஆயிடும். இது புரிஞ்ச பிறகு பொது கட்டடம் தான்னு முடிவு பண்ணாங்க. எம்பலத்துல கிடைச்ச பொது இடம் கோயில் கட்டடம். அந்த கோயிலோட ஒரு வாசல் வழியா தலித் மக்கள் போக முடியாது, மாதவிலக்கு நாள்ல பெண்களும் போக முடியாது. அதே கட்டடத்தோட இன்னொரு வாசல் வழியா கம்ப்யூட்டர் அறை, அங்க யார் வேணா எந்த நாள் வேணா வரலாம். இதை சமூகப் புரட்சின்னு நான் சொல்ல மாட்டேன், முதல் வாசல் அப்படியே தான் இருந்துச்சு. ஆனா ரெண்டாவது வாசல் திறந்திருக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கினாங்க பாருங்க, அது பெரிய விஷயம். இன்னைக்கு எந்த டிஜிட்டல் திட்ட டெண்டர்லயாவது இந்த மாதிரி ஒரு வரி இருக்கா?

மையத்தை நடத்துனவங்கள்ல நிறைய பேர் பெண்கள், அதுல பலர் பெரிய படிப்பு படிக்காதவங்க. பெண் உக்காந்திருக்குற இடத்துக்கு பெண்கள் வர்றாங்க, இதுக்கு ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், எந்த ஊர் ரேஷன் கடையில நின்னு பாத்தாலும் தெரியும். தனக்கு வர்ற வெள்ளைப்படுதல் பத்தியோ முதியோர் பென்ஷன் பத்தியோ ஒரு அம்மா ஒரு இளந்தாரி பையன் கிட்ட கேக்க மாட்டாங்க. பக்கத்து தெரு மருமக கிட்ட கேப்பாங்க.

இங்க ஒரு குறையையும் சொல்லணும். அந்த பெண்கள் தன்னார்வலர்களா வேலை பார்த்தாங்க. அதாவது சம்பளம்னு ஒண்ணு கிடையாது. ஊருக்கு செய்யுறோம்ங்கிற மரியாதை இருந்துச்சு, கம்ப்யூட்டர் கத்துக்குறோம்ங்கிற சந்தோஷம் இருந்துச்சு, ஆனா கல்யாணம் ஆகி வேற ஊர் போனாலோ டவுன்ல ஒரு கடையில வேலை கிடைச்சாலோ அவங்க போயிடுவாங்க, அது நியாயமும் கூட. மெஷினுக்கு நிதி குடுக்குறவங்க அதை இயக்குற பொண்ணுக்கு ஏன் மாச சம்பளம் குடுக்க யோசிக்கிறாங்கங்கிற கேள்வி இன்னைக்கு வரைக்கும் அப்படியே நிக்குது.

வீராம்பட்டினத்து கடற்கரை

ஆடித் தேர் நடக்குமே செங்கழுநீர் அம்மன் கோயில், அந்த வீராம்பட்டினம் தான். பெரிய மீனவ கிராமம். அங்க மையம் வச்சப்ப நெல் விலையால என்ன பிரயோஜனம்? அவங்க கேட்டது கடல் எப்படி இருக்கும்னு. அப்போ இந்தியாவுல தினமும் அலை உயரம் சொல்ற சேவை மீனவர் கைக்கு வர்ற மாதிரி இல்ல. அமெரிக்க கடற்படையோட இணையதளத்துல வங்காள விரிகுடாவுக்கு அலை உயர கணிப்பு போடுவாங்க. வில்லியனூர்ல அதை டவுன்லோட் பண்ணி, நம்ம கரையோரத்துக்கு உள்ளது எதுன்னு பாத்து, தமிழ்ல நாலு வரியா எழுதி ரேடியோவுல அனுப்புவாங்க. வீராம்பட்டினத்துல அதை கடற்கரைக்கு கேக்குற மாதிரி வச்சிருந்த ஸ்பீக்கர்ல படிப்பாங்க.

ஒரு படத்தை பாத்து புரிஞ்சுக்கணும், ஒரு லிங்க்கை அழுத்தணும், ஒரு ஆப்பை அப்டேட் பண்ணணும்னு எதுவும் மீனவருக்கு இல்ல. வலை பின்னிக்கிட்டே, மீன் கூடையை இறக்கிக்கிட்டே, டீ குடிச்சுக்கிட்டே கேக்கலாம். எழுத படிக்க தெரிஞ்சவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே தகவல், ஒரே நேரத்துல. இன்னொரு முக்கியமான விஷயம், ஊர் மொத்தமும் ஒண்ணா கேக்குது. இன்னைக்கு அலை 2 மீட்டருக்கு மேலன்னு ஸ்பீக்கர்ல வந்தா, அதை கேட்ட மனைவி புருஷனை தொழிலுக்கு போக வேண்டாம்னு சொல்லலாம், அனுபவப்பட்ட பெரியவர் ஒருத்தர் இல்ல காத்து மாறுது மத்தியானத்துக்கு மேல சரியாயிடும்னு சொல்லலாம், அங்கயே விவாதம் நடக்கும். போன்ல தனியா வர்ற மெசேஜ்ல இந்த விவாதம் நடக்காது.

கடலோடிகளுக்கு காத்தையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டம்) படிக்க தெரியும், அது தலைமுறை தலைமுறையா வந்த அறிவு. அலை உயர கணிப்பு அதை தூக்கி எறியல, அதோட சேந்து உக்காந்துச்சு. தினமும் சொல்றது தினமும் கடல்ல போய் சரி பாக்கப்படுது. இன்னைக்கு சொன்னது சரியா இருந்துச்சா இல்லையான்னு சாயங்காலம் தெரிஞ்சிடும். தப்பா சொன்னா மையத்துல இருக்குறவங்களை ஊர்ல நிக்க வச்சு கேப்பாங்க. நம்பிக்கை அப்படி தான் கொஞ்சம் கொஞ்சமா சேந்துச்சு.

2004 டிசம்பர் 26

வீராம்பட்டினத்துக்கு தெற்க, அதே கரையில நல்லவாடு. அங்கயும் அறிவு மையம், அங்கயும் கடல் நிலவரம் சொல்ற ஸ்பீக்கர்.

ஞாயித்துக்கிழமை காலையில இந்திய நேரப்படி 6:29க்கு சுமத்ரா பக்கத்துல பூமி அதிர்ந்துச்சு. அலை தமிழ்நாட்டு கரைக்கு வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு. அந்த ரெண்டு மணி நேரம் கரையோர மக்களுக்கு அரசாங்கத்துகிட்ட இருந்து எந்த எச்சரிக்கையும் வரல, இந்தியப் பெருங்கடலுக்கு சுனாமி எச்சரிக்கை அமைப்பே அப்ப கிடையாது. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000க்கும் மேல உயிர் போச்சு. அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு கனக்குது, தகவல் இருந்துச்சு, நேரமும் இருந்துச்சு, வழி மட்டும் இல்ல.

நல்லவாட்டுல நடந்தது இது. அந்த ஊர் இளைஞர் ஒருத்தர் சிங்கப்பூர்ல வேலை பாத்துட்டிருந்தார். சேதி அவருக்கு அங்க தெரிய வருது. உடனே வீட்டுக்கு போன் போடுறாரு. தங்கச்சி எடுக்குது, கடல் தண்ணி உள்ள வருது அண்ணேன்னு சொல்லுது. வெளிய ஓடுங்க, ஊர்ல எல்லார் கிட்டயும் சொல்லுங்கன்னு அவர் சொல்றாரு. சொன்னவுடனே ஊர் ஆளுங்க அறிவு மையத்தோட கதவை உடைச்சு உள்ள போய் ஸ்பீக்கரை போட்டு அறிவிக்கிறாங்க. ஊரே மேட்டுப் பக்கம் ஓடுது. வீடுங்க போச்சு, படகுங்க போச்சு, வலைங்க போச்சு. ஆனா அங்க இருந்த சுமார் 3,600 பேர் உயிரும் தப்புச்சு.

இந்த சம்பவத்தை பல இடத்துல தகவல் தொழில்நுட்பத்தோட வெற்றின்னு சொல்றாங்க. எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. அந்த சங்கிலியில எதெது இருந்துச்சுன்னு எண்ணி பாருங்க: சிங்கப்பூர்ல கேட்ட சேதி, ஒரு சாதாரண போன் கால், ஒரு தங்கச்சி, கால் வச்சு ஓடுன சில பேர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர். கம்ப்யூட்டர் இல்ல, இன்டர்நெட் இல்ல, வி.எச்.எஃப் ரேடியோவும் இல்ல. மையத்துல இருந்த மெஷின்லயே விலை கம்மியானது தான் அன்னைக்கு வேலை செஞ்சுது.

அப்ப மையத்துக்கு பங்கே இல்லையான்னு கேட்டா, இருக்கு, பெரிய பங்கு இருக்கு. ஸ்பீக்கர் எந்த கோயில்லயும் இருக்கும், கல்யாண வீட்டுல இருக்கும். ஆனா நல்லவாட்டு ஸ்பீக்கர் தினமும் கடலை பத்தி பேசுன ஸ்பீக்கர். கடல் பத்தி அதுல வர்றது உண்மையா இருக்கும்னு ஊருக்கு பழகியிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில கடல் வருது ஓடுங்கன்னு யாராவது மைக்ல கத்துனா வேற ஊரா இருந்தா குடிச்சுட்டு கத்துறான்னு நினைச்சிருப்பாங்க, கரைக்கு போய் எட்டி பாத்திருப்பாங்க. நல்லவாட்டுல ஓடுனாங்க. கதவை உடைக்கணும்னு தோணுன ஆளுங்களுக்கும், உள்ள என்ன இருக்கு, அது என்னத்துக்கு, எப்படி போடுறதுன்னு தெரிஞ்சிருந்துச்சு. அதை பூட்டி வச்ச சர்க்கார் சாமானா பாக்கல, நம்மளதுன்னு உடைச்சாங்க.

இந்தியாவோட சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபர்ல ஹைதராபாத்துல வந்துச்சு. இப்ப சில நிமிஷத்துல எச்சரிக்கை ரெடியாயிடும். ஹைதராபாத்துல இருந்து மாவட்டத்துக்கு வர்றதை பத்தி எனக்கு கவலை இல்ல, மாவட்டத்துல இருந்து குப்பத்து கடைசி வீட்டுக்கு போறது தான் இன்னும் பிரச்னை.

மேலூர்ல வேற வழி

இதே காலத்துல மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாவுல வேற மாதிரி ஒரு முயற்சி நடந்துச்சு. சாரி திட்டம்னு பேர். சென்னை ஐஐடியில அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்குன கார்டெக்ட்ங்கிற வயர்லெஸ் டெக்னாலஜியை வச்சு, என்-லாக்ங்கிற கம்பெனி மூலமா, ஊருக்கு ஒரு கியாஸ்க், அதாவது கம்ப்யூட்டர் வச்ச சின்ன சேவைக் கடை. அமெரிக்காவோட எம்ஐடியும் ஹார்வர்டும் கூட சேந்திருந்தாங்க. இங்க ஊர் பொதுச்சொத்துங்கிற யோசனை இல்ல, உள்ளூர் இளைஞர் ஒருத்தர் முதல் போட்டு நடத்தணும், வர்ற வருமானத்துல அவர் பொழைக்கணும்.

தப்பான யோசனைன்னு சொல்ல முடியாது. தாலுகா ஆபீஸோட இணைச்சு சாதி சான்றிதழ், வருமான சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனு எல்லாம் கியாஸ்க்ல இருந்தே அனுப்புனாங்க. ரெண்டு பஸ் மாறி மேலூர் போய், ஒரு நாள் கூலியை விட்டு, அங்க ஆபீஸர் இல்லைன்னு திரும்பி வர்ற அலைச்சல் மிச்சமாச்சு. அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு வெப்கேமராவுல கண்ணை படம் எடுத்து அனுப்பி ஆலோசனை வாங்குனாங்க.

ஆனா இது நின்னு போச்சு. காரணம் சிக்னல் மட்டும் இல்ல. ஆர்வமா இருந்த அதிகாரி மாறிட்டாரு, தாலுகா ஆபீஸ்ல பழகுன ஊழியர் மாறிட்டாரு, புதுசா வந்தவங்களுக்கு இது அவங்க வேலையா தெரியல. மனு அனுப்புனா பதில் வரல, பதில் வரலைன்னா ஜனங்க வரல, ஜனங்க வரலைன்னா கியாஸ்க்காரர் கடன் கட்ட முடியல. எத்தனையோ கியாஸ்க் இப்படி மூடுச்சு. ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் இதை பத்தி விரிவா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, அரசாங்க பக்கம் இது ஒரு நிரந்தர ஏற்பாடா மாறாதது தான் பெரிய காரணமா வருது.

புதுச்சேரி மாடலும் என்னைக்கும் தன் கால்ல நின்னதில்ல, வெளி நிதியை நம்பி தான் ஓடுச்சு. அதனால புதுச்சேரி நல்லது மேலூர் கெட்டதுன்னு நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஒரு வித்தியாசம் மட்டும் கவனிச்சேன். மேலூர்ல காசு குடுக்க முடிஞ்சவருக்கு தான் கியாஸ்க்காரர் நேரம் குடுக்க முடியும், அவர் பொழப்பு அப்படி. கடற்கரைக்கு அலை உயரம் படிக்கிறதுக்கு யார் கிட்ட காசு வாங்குவீங்க? ஊர் மொத்தத்துக்கும் ஒரே நேரத்துல உபயோகமான தகவலுக்கு பில் போட முடியாது. அதுக்கு பொதுப்பணம் தான் வரணும்.

நாடு முழுக்க போனப்ப என்ன ஆச்சு

புதுச்சேரி திட்டத்துக்கு 2001ல ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைச்சுது. சுவாமிநாதன் அதை இந்தியா முழுக்க கொண்டு போகணும்னு மிஷன் 2007னு ஒரு இயக்கமே ஆரம்பிச்சாரு, 2007 ஆகஸ்ட் 15க்குள்ள, அதாவது சுதந்திரத்தோட 60வது வருஷத்துக்குள்ள, ஒவ்வொரு கிராமத்துலயும் ஒரு அறிவு மையம். 2005 பட்ஜெட்ல அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் நபார்டுங்கிற ஊரக வளர்ச்சி வங்கியோட நிதியில இருந்து இதுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்குறதா அறிவிச்சாரு. 2006ல மத்திய அரசு 1,00,000 பொது சேவை மையங்களுக்கு ஒப்புதல் குடுத்துச்சு. ஆனா அது புதுச்சேரி மாடல்ல வரல, மேலூர் மாடல்ல வந்துச்சு. தொழில்முனைவோர், கமிஷன், ஒரு சேவைக்கு இவ்ளோ ரூபாய். எத்தனை மையம் திறந்துச்சுன்னு எண்ணுறது சுலபம், அந்த மையத்துக்கு காலனியில இருந்து எத்தனை பேர் வந்தாங்கன்னு யாரும் எண்ணல.

அப்புறம் செல்போன் வந்துச்சு. அது எல்லாத்தையும் புரட்டி போட்டுச்சு, நிறைய நல்லதும் செஞ்சுது. விலை கேக்க வியாபாரி கிட்ட போக வேண்டாம், மாட்டு டாக்டருக்கு நேரா போன் போடலாம். எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவனமே 2007ல இருந்து மீனவ நண்பன்னு மீனவருக்கான மொபைல் சேவை பக்கம் போச்சு. 2016ல ஜியோ வந்த பிறகு டேட்டாவும் மலிவாச்சு.

ஆனா போன் வீட்டுக்கு ஒண்ணு, அது யார் கையில இருக்குங்கிறது தனி கேள்வி. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல இந்தியாவோட கிராமத்து ஆண்கள்ல 48.7 சதவீதம் பேர் எப்பவாவது இன்டர்நெட் பயன்படுத்துனதா சொன்னாங்க, கிராமத்து பெண்கள்ல 24.6 சதவீதம் பேர். கிட்டத்தட்ட பாதி. இந்த நம்பருக்கு பின்னாடி இருக்குறது எல்லார் வீட்டுலயும் பாக்குறது தான், நல்ல போன் பையன் கிட்ட, பழைய பட்டன் போன் அம்மா கிட்ட. எங்க பெரியம்மாவுக்கு அவங்க பேர்ல சிம் இருக்கு, ஆனா அந்த சிம் போட்ட போன் பேரன் கூட கோயம்புத்தூர்ல இருக்கு, ஓடிபி வந்தா அவன் காலேஜ்ல இருந்து போன் பண்ணி சொல்லணும்.

இதே சமயத்துல அரசாங்கம் ஒவ்வொரு உரிமையையும் போனுக்குள்ள வச்சு பூட்ட ஆரம்பிச்சுது. 100 நாள் வேலையில 2023 ஜனவரி 1ல இருந்து எல்லா வேலைத்தளத்துலயும் ஆப்ல தான் வருகைப் பதிவு, நாளைக்கு ரெண்டு தடவை இடத்தோட போட்டோ எடுத்து ஏத்தணும்னு வச்சாங்க. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில வெயில்ல மண்ணு வெட்டுன அம்மாவுக்கு போட்டோ ஏறலைன்னு கூலி நிக்குதுன்னா, அந்த அம்மாவை பொறுத்த வரைக்கும் டெக்னாலஜி என்ன குடுத்துச்சு? 2024 ஜனவரில இருந்து ஆதார் வழியா தான் கூலினு ஆச்சு. ஒரு எழுத்து மாறுனா பணம் வராது, யாரை கேக்குறதுன்னும் தெரியாது.

இங்க தான் நடுவுல இருக்குற ஆள் திரும்பி வர்றாங்க, ஆனா வேற ரூபத்துல. ஒவ்வொரு ஒன்றிய ஆபீஸ் வாசல்லயும் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கு. மனு போட, கேஒய்சி பண்ண, ஸ்டேட்டஸ் பாக்க, எல்லாத்துக்கும் அங்க தான். பல பேர் நேர்மையா உழைக்கிற பசங்க, அவங்க இல்லேன்னா பாதி ஜனங்களுக்கு பென்ஷனே வராது, அதை மறக்கவே கூடாது. ஆனா அவங்க வாங்குற காசுக்கு கணக்கு இல்ல, பதிவு பண்ற போன் நம்பர் சில இடத்துல அவங்க நம்பராவே இருக்கும், பாஸ்வேர்டு அவங்க நோட்டுல இருக்கும். ஊர் இவங்களை எதுக்கும் பொறுப்பாக்க முடியாது. தகவல் குடுக்குறவருக்கே அதுல லாபம் இருக்குற அந்த பழைய உரக்கடை நிலைமைக்கு தான் நாம வேற வழியில வந்து சேந்திருக்கோம்.

கடல்லயும் இதே தான். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்ப குமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஆழ்கடல்ல இருந்தாங்க. கரையில இருந்து கொஞ்ச தூரம் போனாலே செல்போன் டவர் எட்டாது. எச்சரிக்கை வந்த நேரத்துல அவங்க கிளம்பி போயிருந்தாங்க, பாக்கெட்ல போன் இருந்துச்சு, அதுல ஒண்ணும் வரல. அதுக்கு அப்புறம் 2019ல ஜெமினின்னு ஒரு கருவி கொண்டு வந்தாங்க, சாட்டிலைட்ல இருந்து எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத்ல போனுக்கு அனுப்பும். நல்ல கருவி, ஆனா ஒரு வழிப் பாதை, கடல்ல இருக்குறவர் திரும்பி உதவி கேக்க முடியாது. பாம்பன்ல 2016ல ஆரம்பிச்ச கடல் ஓசை சமுதாய வானொலி மாதிரி, மீனவர் பேச்சு வழக்குலயே கடல் பத்தி தினமும் பேசுற முயற்சிங்க தான் எனக்கு வீராம்பட்டினத்து ஸ்பீக்கரோட சொந்தக்கார பிள்ளையா தெரியுது. இந்த மாதிரி இடங்களுக்கு பணம் போகணும்.

யார் கிட்ட கேக்குறது

தமிழ்நாட்டுல 12,525 கிராம பஞ்சாயத்துக்கும் ஃபைபர் இழுக்குற வேலை நடந்துட்டு வருது. வரட்டும், சந்தோஷம். அந்த லைன் வந்து நிக்குற இடத்துல என்ன வேணும்னு புதுச்சேரி கேஸை வச்சு நான் சொல்றது இவ்ளோ தான்: எல்லாரும் கூசாம நுழையுற ஒரு பொது அறை, அதுல மாச சம்பளத்துக்கு உக்காந்திருக்குற ஒரு உள்ளூர் பெண், முடிஞ்சா காலனியில இருந்து வந்தவங்க. கடல் ஊரா இருந்தாலும் மலை ஊரா இருந்தாலும் தினமும் பேசுற ஒரு ஸ்பீக்கர். அந்த பெண் யார் யாருக்கு என்ன மனு போட்டாங்க, எது நிக்குதுன்னு கிராம சபையில வாசிக்கணும். சரியா நடக்கலைன்னா கிராம சபையிலயே எழுந்து கேக்கணும். ஒரு ஊருக்கு ஒரு ஆள் சம்பளம்ங்கிறது ஃபைபர் செலவோட பாத்தா சின்னது தான்.

தமிழ்நாட்டுல இதை கேக்குறதுக்கு கிராம சபைன்னு ஒரு இடமாவது இருக்கு. இந்த கதை ஆரம்பிச்ச புதுச்சேரியில அதுவும் இல்ல. 2006ல தேர்ந்தெடுத்த உள்ளாட்சி அமைப்புங்களோட காலம் 2011ல முடிஞ்சுது, அடுத்த தேர்தலை நடத்தாமலே வருஷங்களை ஓட்டிட்டாங்க. எம்பலத்துலயோ நல்லவாட்டுலயோ ஒரு அறிவு மையத்தை திரும்ப திறக்கணும்னு ஒரு பெண் மனு எழுதுனா அதை வாங்க ஒரு பஞ்சாயத்து தலைவர் அந்த ஊருக்கு வேணும். அதனால புதுச்சேரி கிராமங்களோட டிஜிட்டல் வசதி பத்தி யார் பேசுனாலும் முதல் கோரிக்கையா உள்ளாட்சித் தேர்தலை வைங்கன்னு கேட்டுக்குறேன், சர்வரும் டவரும் அதுக்கு அடுத்து எழுதிக்கலாம்.